கவிழ்த்துப் பார்த்து வாங்குங்கள்: பழைய நாற்காலியைச் சரிசெய்து குஷன் மாற்றும் வேலை

"பர்மா தேக்கு சார், கண்ணை மூடிக்கிட்டு எடுங்க."

பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தையில் மரச்சாமான் பக்கம் போனால் இந்த வாக்கியம் காதில் விழாமல் திரும்ப முடியாது. நான் கண்ணை நன்றாகத் திறந்துகொண்டு நாற்காலியைத் தலைகீழாகக் கவிழ்த்தேன். கடைக்காரர் முகம் சுருங்கியது. கவிழ்க்கிறவனிடம் அதிகம் பேசிப் பயனில்லை என்று அவருக்குத் தெரியும். ஜோடி 2,600 ரூபாய்க்கு முடிந்தது.

அந்த இரண்டு நாற்காலிகளை வைத்தே இந்த வேலையைச் சொல்லப் போகிறேன். கைப்பிடி இல்லாத, சாப்பாட்டு மேசை நாற்காலிகள். முதுகில் மூன்று குறுக்குச் சட்டம். இருக்கை மட்டும் தனிச் சட்டமாக உள்ளே உட்கார்ந்திருக்கும். கீழிருந்து தள்ளினால் மேலே கழன்று வந்துவிடும். முதல்முறை செய்கிறவர்கள் இந்த வகையில்தான் தொடங்க வேண்டும். சோபா வேண்டவே வேண்டாம். ஸ்பிரிங், கைப்பிடி, முதுகு, தையல் என்று நாலு வித்தை அதில் ஒரே நேரத்தில் கேட்கும். இருக்கை பிரம்புப் பின்னலாக இருந்தால் அது வேறு தொழில்; பின்னத் தெரிந்தவரிடம் கொடுத்துவிடுங்கள்.

வாங்கும்போது

துணியைப் பார்க்காதீர்கள். எப்படியும் கிழிக்கப் போகிற துணி அது. "புதுசா குஷன் போட்டது சார்" என்று விலை ஏற்றினால், அந்தக் குஷனை அவரே வைத்துக்கொள்ளட்டும் என்று சொல்லி விலையைக் குறைக்கப் பாருங்கள்.

பார்க்க வேண்டியது அடிப்பக்கம். அங்கே யாரும் பாலிஷ் போட்டிருக்க மாட்டார்கள். சாவி முனையால் மறைவான இடத்தில் லேசாகச் சுரண்டுங்கள். தேக்கு என்றால் உள்ளே பொன்பழுப்பு தெரியும், தோல்செருப்புக் கடைக்குள் நுழைந்தது போல ஒரு வாசனை வரும், விரலில் மெல்லிய எண்ணெய்ப்பசை தட்டும். மேலே கருப்பழுப்பு, சுரண்டினால் வெளுப்பு என்றால் மாமரத்துக்கோ வேறு மட்ட மரத்துக்கோ சாயம் ஏற்றியிருக்கிறார்கள். அதை வாங்கக் கூடாது என்பதில்லை. தேக்கு விலை கொடுக்கக் கூடாது.

அடுத்து, முதுகையும் முன்காலையும் பிடித்து எதிரெதிராக அசையுங்கள். புதிதாக வாங்குகிறவர்கள் இங்கேதான் ஏமாறுகிறார்கள்: ஆடுகிற நாற்காலியை ஒதுக்கிவிட்டு ஆடாததை எடுத்து வருவார்கள். ஆட்டம் நல்லது. பசை விட்டுப்போயிருக்கிறது, அவ்வளவுதான்; பிரித்து ஒட்டினால் தீர்ந்தது. ஆடாமல் இருப்பதற்கு யாராவது மூட்டில் மூன்று அங்குல ஆணி அடித்திருக்கலாம். அந்த ஆணியைச் சுற்றி மரம் வெடித்திருக்கும், அதைச் சரிசெய்வது பெரும்பாடு. மூட்டுக்குப் பக்கத்தில் மரத்தின் ஓட்டத்தோடு நீளமாக வெடிப்பு ஓடியிருந்தால் கீழே வைத்துவிட்டு அடுத்த கடைக்கு நடங்கள்.

கடைசியாக உளு. குண்டூசித் தலை அளவு துளைகள் தெரிந்தால் ஒரு வெள்ளைத்தாளை விரித்து அதன்மேல் காலைத் தட்டுங்கள். மைதா போல மாவு கொட்டினால் பூச்சி இன்னும் உள்ளே இருக்கலாம். வைரம் பாய்ந்த தேக்கை உளு பொதுவாகத் தொடுவதில்லை; ஓரத்தில் இருக்கும் வெளிறிய பகுதியைத்தான் அரிக்கும். நாலைந்து துளை என்றால் வாங்கலாம். விரலால் அழுத்தினால் மரம் உள்ளே போனால் வேண்டாம்.

வீட்டுக்குள் கொண்டுபோகாதீர்கள்

எலிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்தினான் என்று சிரிப்போம். மூட்டைப்பூச்சி வந்த வீட்டுக்காரர் யாரும் அந்தக் கதைக்குச் சிரிக்க மாட்டார். பழைய குஷன் சாமான் மொட்டைமாடியிலோ வாசலிலோதான் முதலில் நிற்க வேண்டும். துணியின் மடிப்பு, ஆணித்தலைகளின் ஓரம், சட்டம் கூடும் மூலை இங்கெல்லாம் டார்ச் அடித்துப் பாருங்கள். மிளகை நசுக்கியது போலக் கறுப்புப் புள்ளிகள் இருந்தால் அது அவர்களுடைய முகவரி. பழைய திணிப்பை வெளியிலேயே பிரித்து, பிளாஸ்டிக் பையில் கட்டி, அன்றைக்கே அப்புறப்படுத்துங்கள். வெறும் சட்டத்தைக் கறுப்பு பாலிதீனில் சுற்றிச் சித்திரை வெயிலில் இரண்டு நாள் வைக்கலாம். உள்ளே 50 டிகிரியைத் தாண்டிச் சில மணி நேரம் நின்றால் முட்டையும் பிழைக்காது. ஆனால் மூட்டுப் பசை இளகும், மரமும் திறந்துகொள்ளும். அதனால் ஒட்டுவதற்கு முன்பே இதைச் செய்துவிட வேண்டும்.

உளுத் துளைகளுக்குக் கடையில் கிடைக்கும் மரப்பூச்சி மருந்தை ஊசியில் ஏற்றி ஒவ்வொரு துளையிலும் செலுத்துங்கள். கையுறை கட்டாயம். துளை முழுக்க நனைந்து இன்னொரு துளை வழியாக மருந்து எட்டிப்பார்க்கும். அப்போது ஊசியை எடுக்கலாம். காய்ந்ததும் மெழுகால் அடைத்து, அடிப்பக்கத்தில் பென்சிலால் தேதி எழுதுங்கள். ஆறு மாதம் கழித்துப் புதுத் துளையோ புது மாவோ தெரிந்தால் மறுபடி ஒரு சுற்று.

பிரிப்பது

இந்த வேலையின் பாதி பிரிப்பதில் இருக்கிறது. பொறுமை போய்விடும் இடமும் இதுதான்.

முதலில் சாக்பீஸால் நாற்காலிக்கு 1, 2 என்றும், அதனதன் இருக்கைக்கும் அதே எண்ணும் போடுங்கள். இரண்டும் ஒரே அளவாகத்தான் தெரியும், ஆனால் கையால் செய்த காலத்து நாற்காலியில் ஒன்றின் இருக்கை இன்னொன்றில் சேராது. இருக்கையின் முன்பக்கம் எது என்றும் குறியுங்கள். பெரும்பாலும் முன்பக்கம் அகலம், பின்பக்கம் குறுகல். ஒவ்வொரு அடுக்கை எடுப்பதற்கு முன்பும் கைப்பேசியில் ஒரு படம். ஒரு மாதம் கழித்து மூலை மடிப்பை எப்படி மடித்திருந்தார்கள் என்று யோசிக்கும்போது அந்தப் படம்தான் பதில் சொல்லும்.

தட்டைத் திருப்புளி ஒன்று, மூக்குக் குறடு ஒன்று. ஆணித்தலைக்குக் கீழே திருப்புளியைச் செருகி, மரத்தின் ஓட்டத்தோடு நெம்பி, குறடால் பிடுங்குங்கள். ஓட்டத்துக்குக் குறுக்கே நெம்பினால் சட்டத்தின் ஓரம் பிய்ந்து வரும். கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள், துருப்பிடித்த ஆணி எந்தத் திசையில் தெறிக்கும் என்று சொல்ல முடியாது. முதல் இருக்கையில் மட்டும் 114 ஆணி எண்ணினேன். காரணம் இருந்தது. மேலே மெரூன் ரெக்சின். அதற்குக் கீழே பூப்போட்ட துணி. அதற்கும் கீழே, வெளிச்சம் படாத ஓரத்தில் மட்டும் நிறம் மாறாத பச்சை வெல்வெட். ஒவ்வொரு தலைமுறையும் முந்தையதைப் பிரிக்கச் சோம்பல்பட்டு மேலேயே போர்த்தியிருக்கிறது. வெல்வெட்டுக்குக் கீழே தேங்காய் நார், சாக்கு, அறுந்த நாடா. நாருக்குள் ஒரு கொண்டை ஊசி, இரண்டு புளியங்கொட்டை, ஓரம் வளைந்து வளைந்திருக்கும் அலுமினியப் பத்துப் பைசா ஒன்று.

அடியில் இருக்கும் முதல் துணியை மட்டும் எறியாதீர்கள். நீங்கள் வெட்டப்போகும் புதுத் துணிக்கு அதுதான் அளவு.

மூட்டு

ஆடுகிற மூட்டுகளை மட்டும் பிரியுங்கள். உறுதியாக இருப்பதைத் தொடாதீர்கள். ரப்பர் சுத்தி இல்லையென்றால் சாதாரணச் சுத்திக்கும் மரத்துக்கும் நடுவே மடித்த பழைய துணி வைத்துத் தட்டலாம். ஒரு சட்டத்தின் நாக்கு இன்னொன்றின் துளைக்குள் உட்கார்ந்திருப்பதைப் பார்ப்பீர்கள். நாக்கில் பழுப்பாக, கண்ணாடி போல உடையும் பசை ஒட்டியிருந்தால் அது வச்சிரம். விலங்குத் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த அந்தக் காலத்துப் பசை. சுடுநீரில் கொஞ்சம் வினிகர் கலந்து துணியால் ஒற்றியெடுத்தால் இளகிவிடும். முழுக்கச் சுரண்டி எடுத்து, ஒரு நாள் காயவிடுங்கள். பழைய பசைமேல் ஃபெவிகால் தடவினால் மரத்தில் இறங்காது, மூன்றே மாதத்தில் மறுபடி ஆடும்.

நாக்கு துளைக்குள் தளர்வாக இருந்தால் மெல்லிய மரச்சீவலை அதன் பக்கத்தில் ஒட்டி, காய்ந்தபின் உப்புத்தாளால் தேய்த்து இறுக்கமாக்குங்கள். பசையை நிறைய ஊற்றி இடைவெளியை நிரப்புவது வேலைக்காகாது. நாக்கிலும் துளையிலும் மெல்லிசாகத் தடவி, பொருத்தி, இறுக்க வேண்டும்.

இறுக்க கிளாம்ப் வாங்கத் தேவையில்லை. பஞ்சர் கடையில் பழைய சைக்கிள் டியூப் கேளுங்கள். நீளமாக வெட்டி, நான்கு காலையும் சுற்றி இழுத்து இழுத்துக் கட்டினால் நல்ல இறுக்கம் கிடைக்கும். இன்னொரு வழி, கயிற்றை இரண்டு சுற்றுச் சுற்றி, நடுவில் குச்சி நுழைத்து முறுக்குவது. முறுக்கியதும் பிதுங்கும் பசையை ஈரத்துணியால் உடனே துடையுங்கள். காய்ந்துவிட்டால் அந்த இடத்தில் பாலிஷ் பிடிக்காமல் திட்டாக நிற்கும். பிறகு, கயிறு கட்டிய நாற்காலியைச் சமதரையில் நிறுத்தி நான்கு காலும் படுகிறதா என்று பாருங்கள். இப்போது திருகலாக இருந்தால் தட்டிச் சரிசெய்யலாம். 24 மணி நேரம் கழித்து முடியாது.

பாலிஷ்

மரம் கறுத்துப் போயிருக்கிறது என்றதும் உப்புத்தாளைத் தேடி ஓடுவார்கள். பொறுங்கள். கறுப்பில் பாதி அழுக்கும் கைப்பிசுக்கும்தான். டர்ப்பன்டைன் நனைத்த துணியால் துடையுங்கள். துணி கறுக்கக் கறுக்க மாற்றுங்கள். எங்கள் நாற்காலியில் ஐந்தாவது துணியில் தேக்கின் ரேகை தெரிய ஆரம்பித்தது.

இப்போது ஒரு சோதனை. மறைவான இடத்தில் பாலிஷ் ஸ்பிரிட் ஒரு சொட்டு விட்டு ஒரு நிமிடம் கழித்துத் தொடுங்கள். பிசுபிசு என்று ஒட்டினால் மேலே இருப்பது பிரெஞ்ச் பாலிஷ், அதாவது அரக்கு. அப்படியென்றால் உங்களுக்கு அதிர்ஷ்டம். பழைய அரக்கின்மேல் புது அரக்கு போட்டால் இரண்டும் ஒன்றோடொன்று கரைந்து ஒரே படலமாகிவிடும், சுரண்டவே வேண்டாம். ஸ்பிரிட்டுக்கு அசையாமல் இருந்தால் வார்னிஷோ வேறு ஏதோ. அதை மட்டும்தான் தேய்த்து எடுக்க வேண்டும்: 120, பிறகு 180, பிறகு 220 எண் உப்புத்தாள், எப்போதும் மரத்தின் ஓட்டத்தோடு. பழைய பெயின்ட் அடித்த சாமான் என்றால் இன்னும் கவனம். வீட்டுப் பெயின்டில் ஈயத்துக்கு 90 பிபிஎம் (பத்து லட்சத்தில் 90 பங்கு) என்று இந்தியாவில் சட்டம் வரம்பு வைத்தது 2016-இல்தான். அதற்கு முந்தைய பெயின்டை உலரத் தேய்த்துத் தூசி கிளப்பாதீர்கள். தண்ணீர் தொட்டுத் தேய்க்கும் உப்புத்தாள், நல்ல முகக்கவசம், பக்கத்தில் குழந்தைகள் கூடாது.

அரக்குப் பாலிஷை நீங்களே செய்யலாம். ஹார்டுவேர் கடையில் அவலரக்கு என்று கேளுங்கள். அவல் போலத் தட்டையாக, தேன் நிறத்தில் இருக்கும். ஒரு லிட்டர் ஸ்பிரிட்டுக்கு 150 கிராம் என்ற கணக்கில் போடலாம். இரண்டு நாற்காலிக்கு 300 மில்லி ஸ்பிரிட்டும் 45 கிராம் அவலரக்கும் போதும். கண்ணாடி ஜாடியில் போட்டு இரவு முழுக்க வையுங்கள், போகிறபோது வருகிறபோது குலுக்குங்கள், காலையில் பழைய வேட்டித் துணியில் வடிகட்டுங்கள். இரும்பு டப்பா வேண்டாம், அரக்கு கறுத்துவிடும். ஸ்பிரிட் விஷம், தீயும் சட்டென்று பற்றும். அடுப்பிருக்கும் பக்கம் கொண்டுபோகாதீர்கள், ஜன்னலைத் திறந்து வையுங்கள்.

எலுமிச்சை அளவு பஞ்சை வேட்டித் துணியில் பொதிந்து கட்டுங்கள். பஞ்சில் பாலிஷை ஊற்றி, பிழிந்தால் லேசாகக் கசியும் அளவுக்கு வைத்துக்கொண்டு, நிறுத்தாமல் நீளவாக்கில் இழுங்கள். நடுவில் நின்றால் பஞ்சு அங்கேயே ஒட்டிக்கொண்டு தழும்பு விழும். ஒரே இடத்தில் திரும்பத் திரும்பப் போகாதீர்கள்; கண்ணுக்குத் திட்டாகத் தெரிந்தாலும் விட்டுவிடுங்கள், அடுத்த பூச்சு மூடிவிடும். இருபது நிமிட இடைவெளியில் இரண்டு பூச்சு. நன்றாகக் காய்ந்ததும் 320 உப்புத்தாளால் தடவுவது போல ஒரு தேய்ப்பு. பிறகு இன்னும் மூன்று அல்லது நான்கு பூச்சு.

ஐப்பசி மழையில் மட்டும் இந்த வேலையை வைத்துக்கொள்ளாதீர்கள். காற்றில் உள்ள ஈரத்தைப் பாலிஷ் இழுத்துக்கொண்டு மேலே பால் படர்ந்தது போல வெளுத்துப்போகும். அப்படி ஆனால் பயப்பட வேண்டாம். வெயில் அடிக்கும் நாளில் ஸ்பிரிட் லேசாகத் தொட்ட பஞ்சால் ஒரு இழுப்பு இழுத்தால் போய்விடும்.

மெலமைன், பியூ (பாலியூரித்தேன்) என்ற பூச்சுகள் பளபளவென்று இருக்கும், தண்ணீர் பட்டாலும் கறை விழாது. ஆனால் கீறல் விழுந்தால் வீட்டில் நீங்களே ஒட்டுப்போட முடியாது. சாப்பாட்டு மேசையின் மேற்பலகைக்கு அவை சரி. நாற்காலிக்கு என் ஓட்டு அரக்குக்குத்தான்.

இருக்கை

இங்கே என் பழைய பிழை ஒன்றைச் சொல்ல வேண்டும். சில வருடங்களுக்கு முன் வேறொரு நாற்காலியில், பிரிக்கச் சோம்பல்பட்டு, ரெக்சின்மேலேயே தடித்த துணி போர்த்தி ஆணி அடித்தேன். பார்க்க அழகாக இருந்தது. சட்டத்துக்குள் இறங்கவில்லை. முழங்கையால் அழுத்தினேன், கடைசியில் ஏறி உட்கார்ந்தேன். 'டக்' என்று ஒரு சத்தம். பக்கச் சட்டத்தின் மூட்டு நீளமாக வெடித்திருந்தது.

இந்த வகை இருக்கையைச் சுற்றி ஒவ்வொரு பக்கமும் இரண்டு அல்லது மூன்று மில்லிமீட்டர் இடைவெளிதான் இருக்கும். துணி ஓரத்தைச் சுற்றிக் கீழே போவதால் அந்த இடைவெளிக்குள் அடங்க வேண்டும். துணி வாங்கும் முன் மாதிரித் துண்டை வெற்றுச் சட்டத்தின் ஓரங்களில் சுற்றி, நாற்காலிக்குள் இறக்கிப் பாருங்கள். கைவிரலால் தள்ளினால் போக வேண்டும். பவானி ஜமக்காளத்தை நாற்காலிக்குப் போட எனக்கு ரொம்ப ஆசை. அந்தப் பட்டைக் கோடுகள் தேக்கோடு அவ்வளவு பொருந்தும். இந்த இடைவெளியில் நுழையாது. கரூர்ப் பக்கத்துத் திரைச்சீலைப் பருத்தியில் கொஞ்சம் கனமானதை எடுத்தேன், நுழைந்தது. ரெக்சின் துடைக்க எளிது என்பார்கள். மே மாதத்தில் அரைக்கால் சட்டையோடு உட்கார்ந்து எழுந்தால் தெரியும்.

துணிக் கணக்கு: இருக்கை 18 அங்குலம் என்றால் ஒவ்வொரு பக்கமும் ஸ்பான்ஞ்சுக்கு ஒன்றரை, சட்டத்தின் தடிமனுக்கு ஒன்று, கீழே மடித்து ஆணி அடிக்க ஒன்றரை, ஆக நான்கு. 18-உடன் எட்டு சேர்த்தால் 26. குஷன் துணி பெரும்பாலும் 54 அங்குல அகலத்தில் வரும். அதில் இரண்டு இருக்கை பக்கம்பக்கமாக வரும். இரண்டு நாற்காலிக்கு முக்கால் மீட்டர் போதும். கோடோ பூவோ ஒன்றுபோல நடுவில் வர வேண்டுமென்றால் ஒரு மீட்டருக்கு மேல் வாங்குங்கள். பருத்தி என்றால் வெட்டுவதற்கு முன் ஒருமுறை நனைத்துக் காயவையுங்கள், சுருங்குவது இப்போதே சுருங்கட்டும்.

இனி அடுக்கு. முதலில் இரண்டு அங்குலச் சணல் நாடா, இல்லையென்றால் கட்டில் நாடா. நீளத்தில் நான்கு, குறுக்கே நான்கு. ஓர் இருக்கைக்கு ஐந்து மீட்டர் ஆகும். சுருளிலிருந்து வெட்டாமலே, முனையை ஓர் அங்குலம் மடித்து, பின்சட்டத்தில் ஐந்து சிறு ஆணி அடியுங்கள். ஐந்தும் ஒரே வரிசையில் இருந்தால் மரம் பிளக்கும், மேலே மூன்று கீழே இரண்டு என்று மாற்றி அடியுங்கள். எதிர்ப்பக்கத்தில், ஒரு சிறு மரத்துண்டில் நாடாவைச் சுற்றிச் சட்டத்தின் ஓரத்தில் வைத்து நெம்பினால் நாடா விண்ணென்று இழுபடும். அந்த நிலையில் ஆணி அடித்து, பிறகே வெட்டுங்கள். குறுக்கு நாடாக்களைப் பாய் பின்னுவது போல மேலும் கீழுமாக நுழையுங்கள். முடித்ததும் விரலால் சுண்டினால் தவில் தட்டியது போல ஒலிக்க வேண்டும். தொப்பென்று கேட்டால் பிடுங்கி மறுபடி இழுங்கள். இங்கே விட்ட தளர்ச்சியை மேலே எவ்வளவு ஸ்பான்ஞ்சு வைத்தாலும் மறைக்க முடியாது.

நாடாமேல் சாக்குத்துணி. அதன்மேல் ஒன்றரை அங்குல ஸ்பான்ஞ்சு. கடையில் '40 டென்சிட்டி' என்று கேளுங்கள். மெத்தென்று கைக்குச் சுகமாக இருப்பதை எடுத்தால் ஒரே வருடத்தில் அமுங்கி அப்பளமாகிவிடும். சட்டத்தைவிடச் சுற்றிலும் கால் அங்குலம் அதிகமாக வெட்டுங்கள், துணி இழுக்கும்போது ஓரம் உருண்டு அழகாக நிற்கும். ரம்பம் போன்ற பல் உள்ள ரொட்டிக் கத்தி நன்றாக வெட்டும். ஸ்பான்ஞ்சுமேல் காடாத்துணி ஒன்றை இழுத்து அடியுங்கள். இந்த உள்துணியைப் பலர் தவிர்க்கிறார்கள். இது இருந்தால் மேல்துணிக்குச் சுமை குறையும், அடுத்தமுறை மாற்றுவதும் எளிது.

மேல்துணி. முன்பக்க நடுவில் ஓர் ஆணி, பின்பக்க நடுவில் ஒன்று, இடம், வலம். நான்கும் பாதிவரை மட்டும். திருப்பிப் பாருங்கள், கோடு கோணலாக இருந்தால் இப்போதே பிடுங்கிச் சரிசெய்யலாம். சரி என்றால் நடுவிலிருந்து மூலையை நோக்கி, எதிரெதிர்ப் பக்கங்களை மாற்றி மாற்றி அடித்துக்கொண்டே போங்கள். மூலைக்கு மூன்று அங்குலம் முன்பே நிறுத்துங்கள். மூலையின் நுனியை முதலில் நேராகக் கீழே இழுத்து ஓர் ஆணி. இரண்டு பக்கமும் மிஞ்சும் துணியைச் சேலைக் கொசுவம் போல மடித்து, மடிப்பு பக்கவாட்டில் தெரியும்படி இறக்கி அடியுங்கள். உள்ளே தடிமன் சேர்கிற துணியைக் கத்தரித்து எறிந்துவிடுங்கள். கடைசியில் அடிப்பக்கம் முழுக்க ஒரு கறுப்புத்துணி போட்டு மூடினால் தூசி கொட்டாது.

கையால் அழுத்தும் ஸ்டேப்ளர் கன் இருந்தால் வேலை வேகமாக நடக்கும். ஆனால் இருக்கைச் சட்டமும் தேக்காக இருந்தால் பின் முழுக்க இறங்காமல் பாதியில் நிற்கும். அங்கே அரை அங்குல ஆணியும் சின்னச் சுத்தியும்தான்.

கடைசியில் ஆடினால்

இருக்கையை உள்ளே வைத்து உள்ளங்கையால் தட்டி உட்கார வையுங்கள். எல்லாம் முடிந்து கூடத்தில் கொண்டுவந்து வைத்தபோது எங்கள் இரண்டாம் எண் நாற்காலி ஆடியது. ஒரு கால் தரையில் படவில்லை. குஷனுக்குள் கிடைத்த அந்தப் பத்துப் பைசாவைக் காலடியில் செருகினேன், அச்சாக நின்றது. அப்படியென்றால் மற்ற மூன்று காலிலும் அந்தக் காசின் தடிமன் அளவு குறைக்க வேண்டும்: காசைத் தரையில் படுக்கவைத்து, அதன் மேல்விளிம்பு மட்டத்தில் பென்சில் முனையைப் பிடித்து, மற்ற கால்களைச் சுற்றிக் கோடு இழுத்து, அந்த அளவுக்கு உப்புத்தாளில் தேய்ப்பது முறை. 80 எண் தாளை எடுத்து வந்தும்விட்டேன்.

நல்லவேளை, அம்மா பெருக்குவதற்காக நாற்காலியைத் தூக்கி ஜன்னலோரம் வைத்தார். அங்கே ஆடவில்லை. கூடத்து மொசைக்தான் ஒரு பக்கம் இறங்கியிருக்கிறது. நீங்களும் காலைத் தேய்ப்பதற்கு முன் நாற்காலியை இரண்டு அடி தள்ளிவைத்துப் பார்த்துவிடுங்கள்.